குரோஷா பூவும் கூலிக் கணக்கும்

குரோஷா என்றதும் நம் தலைமுறைக்கு முதலில் ஞாபகம் வருவது டி.வி. பெட்டியின் மேல் விரித்திருந்த வெள்ளை விரிப்புதான். அதற்கு முன்னால் அது ரேடியோவின் மேல் இருந்தது. டி.வி. தட்டையாகிச் சுவருக்கு ஏறியதும் விரிப்புக்கு இடம் இல்லாமல் போயிற்று. ஊசி மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. பெங்களூர், புனே, ஹைதராபாத், டில்லி என்று எந்த ஊரில் தமிழ்க் குடும்பத்துக்குப் போனாலும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ பேத்திக்குப் போர்வை என்று கலர் கலராகச் சதுரம் பின்னிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். நடுவில் ஒரு பூ, சுற்றிலும் இலைப்பச்சை, நாலு மூலை. இதற்கு ஆங்கிலத்தில் 'கிரானி ஸ்கொயர்' என்று பெயர். பாட்டி சதுரம்!

பெயரைக் கேட்டதுமே நமக்குப் புரிந்துவிடுகிறது, இல்லையா? பாட்டிக்குப் பொழுது போகவில்லை, பின்னுகிறாள். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம். நான் பி.காம். படித்துவிட்டு வங்கி வேலைக்கு வந்தவன். கலை, வேலைப்பாடு பற்றியெல்லாம் பேச எனக்குத் தகுதி இல்லை. எதைப் பார்த்தாலும் இதில் முதல் யாருடையது, உழைப்பு யாருடையது, லாபம் யாருக்கு என்றுதான் மனசு போகும். ஆந்திராவில் கோதாவரிப் பக்கம் வேலை பார்த்த வருஷங்களில் இந்தக் கொக்கி ஊசியின் சரித்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது பொழுதுபோக்கின் சரித்திரம் இல்லை, கூலியின் சரித்திரம் என்று தோன்றிற்று.

முதலில், சதுரம் எப்படி வருகிறது?

பின்னத் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல்கண்டு. இதுதான் மொத்த மூலதனம். நாலைந்து சங்கிலி போட்டு வளையமாக முடிச்சிட வேண்டும். அந்த வளையத்துக்குள், நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றி இழுத்துப் போடும் உயரமான தையலை (நம் வீடுகளில் 'ட்ரெபிள்' என்பார்கள்) மூன்று மூன்றாகக் கொத்தாகப் போட வேண்டும். நாலு இடத்தில் மட்டும் கொத்துக்கு நடுவே கூடுதலாகச் சங்கிலி விட்டால் அவை மூலைகள் ஆகிவிடும். அடுத்தடுத்த சுற்றில் மூலைக்கு இரண்டு கொத்து. வட்டமாக ஆரம்பித்தது சதுரமாக விரியும் ரகசியம் அந்த மூலைகளில்தான் இருக்கிறது.

பூச்சதுரத்தில் முதல் சில சுற்றுகள் இதழ்கள். ஒரு வரிசை இதழ் முடிந்ததும், அதற்குப் பின்பக்கமாகச் சங்கிலி வளைவுகள் போட்டு, அந்த வளைவுகளின் மேல் இன்னும் பெரிய இதழ்களைப் பின்ன வேண்டும். முன்வரிசை இதழ்கள் பின்வரிசையின் மேல் எழும்பி நிற்கும். ரோஜா மாதிரியே இருக்கும். பிறகு பச்சை நூல் கட்டி, கடைசி வளைவுகளிலிருந்து நாலு மூலைகளை எடுத்துச் சதுரம் ஆக்குவார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் பின்னுகிறோமே, அதற்கு மெஷின் வந்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். குரோஷாவுக்கு அப்படி நடக்கவில்லை. ஸ்வெட்டர் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியின் மேல் வரிசையாக நிற்கும். மெஷினுக்கு அது வசதி. குரோஷாவில் ஒவ்வொரு தையலும் அப்போதைக்கப்போது முடிந்துவிடும். அடுத்த தையலுக்குக் கொக்கி எந்த ஓட்டையில் வேண்டுமானாலும் நுழையும், எந்தத் திசையிலும் திரும்பும். ஆராய்ச்சிக் கூடங்களில் முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் பூவும் சதுரமுமாக இதே பின்னலைக் குவித்துத் தள்ளும் தொழிற்சாலை மெஷின் இன்னும் வரவில்லை. அதே தோற்றம் தரும் போலித் துணிகளை மெஷினில் செய்கிறார்கள், அது வேறு விஷயம்.

இதன் அர்த்தம் என்ன? பெரிய மாலில் 999 ரூபாய்க்குத் தொங்கும் நிஜமான குரோஷா சட்டை, அது எந்த நாட்டிலிருந்து வந்ததாக இருந்தாலும், ஒரு மனுஷி உட்கார்ந்து கையால் பின்னியது. இதை மனதில் வைத்துக்கொண்டு சரித்திரத்துக்குப் போவோம்.

பஞ்சத்தில் பூத்த ரோஜா

குரோஷா என்பது பிரெஞ்சு வார்த்தை. 'சின்னக் கொக்கி' என்று பொருள். இந்தப் பின்னல் ரொம்பப் பழமையானது என்று நிறையப் பேர் எழுதுவார்கள். ஆனால் அச்சில் அதன் மாதிரிகள் தெளிவாகக் கிடைக்க ஆரம்பிப்பது 1820களில்தான். 'பெனலோப்பே' என்ற டச்சுப் பத்திரிகையில் பட்டுநூல் சுருக்குப் பைகளுக்கான மாதிரிகள் வந்தன. அதாவது அப்போது அது பணக்கார வீட்டுப் பெண்களின் கைவேலை.

அதைப் பிழைப்பாக்கியது பசி. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு வேறு உணவே கிடையாது. அடுத்த ஏழெட்டு வருஷத்தில் சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் நோயிலும் செத்தார்கள். இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்தச் சமயத்தில் கார்க் நகரை அடுத்த ப்ளாக்ராக்கில் அர்சுலின் கன்னியாஸ்திரிகள் ஏழைப் பெண்களுக்கு குரோஷா கற்றுக்கொடுத்தார்கள். வடக்கே க்ளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847-இல் ஓர் ஆசிரியையை வரவழைத்து இதே வேலையை ஆரம்பித்தார். சில வருஷங்களில் அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் பெண்கள் பின்னிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் ரியேகோ தெ லா பிரான்ஷார்டியேர் என்ற பெண்மணி மாதிரிப் புத்தகங்கள் போட்டு இந்தப் பாணியைப் பரப்பினார். அவருடைய அம்மா அயர்லாந்துக்காரர்.

ஏன் குரோஷா? அசல் லேஸ் பின்ன மாதக்கணக்கில் ஆகும். அதே மாதிரி தோற்றத்தைக் கொக்கி ஊசியில் சில நாளில் கொண்டுவந்துவிடலாம். பசித்த வீட்டுக்குச் சீக்கிரம் கையில் காசு வேண்டும்.

வேலை நடந்த முறைதான் எனக்கு ரொம்ப சுவாரஸ்யமாகப் பட்டது. ஒரே பெண் முழு லேஸையும் பின்னவில்லை. ஒருத்தி ரோஜா மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி இலை, மூன்றாமவள் திராட்சைக் கொத்து. எல்லாவற்றையும் சேகரித்து, வலைப்பின்னலால் இணைத்து முழு வேலைப்பாடாக்குவது வேறொருத்தி. தங்கள் குடும்பத்துப் பூ எப்படிப் பின்னுவது என்பதை வெளியாருக்குக் காட்டாமல் ரகசியமாக வைத்துக்கொண்ட வீடுகளும் உண்டு. அந்தப் பணத்தில் வாடகை கட்டினார்கள். அமெரிக்காவுக்குக் கப்பல் டிக்கெட்டும் எடுத்தார்கள்.

இன்று நம் வீட்டுச் சதுரத்தின் நடுவில் இதழ் இதழாக எழும்பி நிற்கிறதே, அதற்குப் பின்னல் புத்தகங்களில் 'ஐரிஷ் ரோஜா' என்றே பெயர். பஞ்ச காலத்துக் கூலிப் பூ அது.

சிகாகோவிலிருந்து சதுரம்

சதுரத்துக்கு அச்சில் கிடைக்கும் பழைய ஆதாரம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. சிகாகோவிலிருந்து வந்த 'ப்ரெய்ரி ஃபார்மர்' என்ற விவசாயப் பத்திரிகைக்கு ஃபெல்ப்ஸ் என்ற அம்மையார் மாதிரிச் சதுரம் ஒன்றை அனுப்பினார். 1885 ஏப்ரலில் அது படத்துடன் வந்தது. பண்ணை வீட்டுச் சிக்கனம்தான் இதன் உயிர். துண்டு துண்டாக மிஞ்சிய கம்பளி நூலை வீணாக்காமல், கையளவு சதுரங்களாகச் செய்துவைத்து, போதுமான அளவு சேர்ந்ததும் இணைத்துப் போர்வையாக்கலாம். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே செய்யலாம். எந்த இடத்தில் விட்டாலும் மறுபடி எடுக்கலாம்.

வேலை பார்க்கும் பெண்ணுக்குத் துண்டு துண்டாகத்தான் நேரம் கிடைக்கும். அந்த நேரத்துக்கு ஏற்ற வடிவம் இந்தச் சதுரம். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வேலையாகவே தெரியாது. நடுநடுவே செய்வதால் அது ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்காகத் தெரியும். கூலியில் அடி விழுந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

கோதாவரிக் கரையில்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில், வசிஷ்ட கோதாவரி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நரசாபுரம் இருக்கிறது. இந்தியாவில் குரோஷா லேஸ் என்றால் இந்த ஊர்தான். 1844-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மக்ரே என்ற மிஷனரி தம்பதியர் இதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்வார்கள். முதலில் கற்றுக்கொண்டவர்கள் மதம் மாறிய ஏழை தலித் பெண்கள். இங்கேயும் பின்னணியில் பசிதான். 1832-33 பஞ்சத்தில் இந்தப் பக்கம் அடிபட்டிருந்தது.

பிறகு ஒரு திருப்பம். 1847-இல் ஆர்தர் காட்டன் தவளேஸ்வரத்தில் அணைக்கட்டு வேலையை ஆரம்பித்து 1852-இல் முடித்தார். டெல்டாவில் தண்ணீர் பாய்ந்தது, நெல் விளைந்தது, பணம் வந்தது. பஞ்சம் போன பிறகும் லேஸ் போகவில்லை. அது மேலே ஏறிற்று! நிலம் வைத்திருந்த காப்பு போன்ற சாதிகளில் பெண்கள் வயல் வேலைக்குப் போவது கௌரவக் குறைச்சல் என்ற நிலை வந்தது. வீட்டுக்குள் இருந்தபடியே செய்யும் கௌரவமான வேலையாக லேஸ் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஏற்றுமதி பெருகியது. ஐரோப்பாவில் மேஜை விரிப்பும் அமெரிக்காவில் கட்டில் விரிப்பும் இங்கிருந்து போயின.

1970களின் கடைசியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் இந்தப் பகுதியில் தங்கி, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்காக ஆய்வு செய்தார். 1982-இல் 'தி லேஸ் மேக்கர்ஸ் ஆஃப் நரசாபூர்' என்று அது புத்தகமாக வந்தது. (மீஸ் அம்மையார் 2023-இல் காலமானார்.) வங்கியில் சேர்ந்த புதிதில் எனக்கு யாராவது இந்தப் புத்தகத்தைக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கண்டது இதுதான். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வேலை எல்லாம் போக, நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் ஊசி ஓடியது. கிடைத்த கூலி, வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்களின் கூலியைவிடக் குறைவு. ஏற்றுமதியாளர், அவருக்குக் கீழே ஏஜெண்ட், அவர் நூலைக் கொண்டுவந்து வீட்டில் கொடுப்பார், பின்னியதை வாங்கிப்போவார். அயர்லாந்தில் பார்த்தோமே, அதே வேலைப் பிரிவினை இங்கேயும். பூ பின்னுகிறவர்கள் பூ மட்டும் பின்னுவார்கள். அவற்றை இணைப்பது தனி ஆட்கள். தெலுங்கில் 'அதுக்கு பணி' என்பார்கள், ஒட்டுவேலை என்று நாம் சொல்லலாம். பூ பின்னும் பெண்ணுக்குத் தன் பூ எந்த விரிப்பில் போகிறது, யார் வாங்குகிறார்கள், என்ன விலை என்று ஒன்றும் தெரியாது.

இதையெல்லாம்விட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொன்று. அந்தப் பெண்களை யாரும் தொழிலாளிகள் என்று சொல்லவில்லை. கணக்கெடுப்பில் அவர்கள் அநேகமாகத் தொழிலாளர் பட்டியலிலேயே வரவில்லை. ஏற்றுமதியாளர்கள் "வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்" என்ற தோரணையில் பேசினார்கள். பெண்களும் தங்களை இல்லத்தரசிகள் என்றே சொல்லிக்கொண்டார்கள். இல்லத்தரசி என்றால் கூலி அவளுக்குப் பிழைப்பு இல்லை, கைச்செலவு. கைச்செலவுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதும்! அந்தப் பெயர் கூலியை எவ்வளவு தூரம் கீழே தள்ளியது என்பதுதான் மீஸ் புத்தகத்தின் மையம்.

நம் பி.காம். பாஷையில் சொல்கிறேன். நூல் வியாபாரியுடையது. மற்றதெல்லாம்? வேலை செய்யும் இடத்துக்கு வாடகை, விளக்குக்குக் கரண்ட், பின்னியதை அழுக்காகாமல் வைத்திருக்கும் செலவு, புதிதாக வருகிறவருக்குப் பயிற்சி (அம்மா மகளுக்குக் கற்றுக்கொடுப்பது), ஆர்டர் இல்லாத மாதத்தில் சும்மா இருக்கும் நஷ்டம். ஒரு தொழிற்சாலை இதையெல்லாம் மேல்செலவு என்று விலையில் ஏற்றும். இங்கே அத்தனையும் பின்னும் பெண்ணின் தலையில். எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதிவு கிடையாது.

நம் ஊரிலும் நடந்தது

இதெல்லாம் ஆந்திரா கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நாகர்கோவில்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். 1819-இல் அங்கே வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்களுக்குப் பள்ளி நடத்தி லேஸ் வேலை கற்றுக்கொடுத்தார். அது குரோஷா இல்லை. திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அவருடைய மகள் எலைசாவைத்தான் நம் கால்டுவெல் 1844-இல் கல்யாணம் செய்துகொண்டார். ஆமாம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே ராபர்ட் கால்டுவெல். எலைசா மூலமாக லேஸ் இடையன்குடிக்கும் போயிற்று.

அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அது முழுவதுமாக ஒழிக்கப்பட்டது 1855-இல்தான். அதற்கு முன்னாலேயே, மால்ட் அம்மையாரின் பள்ளியில் லேஸ் பின்னிய அடிமைப் பெண்களில் சிலர், தங்கள் கூலியைச் சேர்த்து வைத்து, எஜமானனுக்குப் பணம் கட்டித் தங்களை விடுவித்துக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன.

கொஞ்சம் நிதானித்து இதை யோசித்துப் பாருங்கள். ஒரு பெண், நூலில் பூவும் கொடியும் பின்னி, அந்தக் காசைக் கொடுத்துத் தன்னையே வாங்கிக்கொள்கிறாள். எத்தனையோ கடன் கணக்குகளைத் தீர்த்து முத்திரை குத்தியிருக்கிறேன், இதற்கு இணையான ஒரு தீர்வைப் பார்த்ததில்லை.

மிஷனரிகள் எல்லாரும் தர்மவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு அவர்கள் நோக்கம் இருந்தது, லேஸ் விற்ற பணத்தில் பள்ளிகளும் நடந்தன. ஆனால் நாகர்கோவிலில் அந்தப் பெண் பின்னியது வேலை என்றும், அதற்குக் கிடைத்தது அவளுடைய கூலி என்றும் கணக்கில் இருந்தது. அதனால் சேர்க்க முடிந்தது. நரசாபுரத்தில் நூற்று முப்பது வருஷம் கழித்து, அதைவிட நன்றாக உண்ணும் உடுக்கும் குடும்பங்களில், பெண்ணின் உழைப்பு 'ஓய்வு நேரம்' என்று எழுதப்பட்டது. அதனால் ஒன்றும் சேரவில்லை.

ஒரு போர்வைக்குக் கணக்குப் போடுவோம்

சரித்திரம் போதும், பேனாவை எடுங்கள். ஒற்றைக் கட்டில் போர்வை, 60 அங்குலம் அகலம், 80 அங்குலம் நீளம். 5 அங்குலப் பூச்சதுரம். அகலத்தில் 12, நீளத்தில் 16, மொத்தம் 192 சதுரம். கை பழகினவருக்கு ஒரு சதுரத்துக்கு அரை மணி என்று வைத்துக்கொள்வோம். 96 மணி நேரம். கலர் மாற்றிய இடத்திலெல்லாம் தொங்கும் நூல் வால்களை உள்ளே செருக வேண்டும், சதுரங்களை இணைக்க வேண்டும், சுற்றிலும் கரை போட வேண்டும். அதற்கு 24 மணி. ஆக 120 மணி நேரம். நாளைக்கு 8 மணி வீதம் 15 வேலை நாள்.

இந்தப் போர்வையை 3,000 ரூபாய்க்கு விற்றால் "ஐயோ, இவ்வளவா?" என்று கேட்போம். நூலுக்கு 900 போனால் மிச்சம் 2,100. இதைப் 15 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 140 ரூபாய். நடுவில் ஏஜெண்ட், கடைக்காரர் யாருமே இல்லை என்றால்தான் இதுவும். 2024-25-இல் ஆந்திராவில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்திருந்த தினக்கூலி 300 ரூபாய். அந்தக் கூலியைப் போட்டால் 15 நாளுக்கு 4,500, நூல் 900, ஆக அடக்க விலையே 5,400 ரூபாய். லாபம் இன்னும் சேர்க்கவில்லை.

நான் போட்ட நேரமும் விலையும் ஒரு உதாரணத்துக்குத்தான். உங்கள் வீட்டில் பின்னுகிறவரைக் கேட்டு நிஜ நேரத்தைப் போட்டுப் பாருங்கள். அநேகமாக விடை இதைவிட மோசமாகத்தான் வரும் :-)

மாறியதும் மாறாததும்

எல்லாம் அப்படியே இருக்கிறது என்று சொன்னால் அது நியாயமில்லை. 1992-இல் நபார்டு சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. அதில் ஆந்திரா முன்னணியில் நின்றது. ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கிக் கட்டுப்பட்டுக் கிடந்த பெண்கள், குழுவாகக் கடன் வாங்கித் தாங்களே நூல் வாங்கும் வழி பிறந்தது. நரசாபுரத்துக்குப் பக்கத்தில் சீதாராமபுரத்தில் லேஸ் பார்க் வந்தது. 2024-இல் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் காஞ்சிபுரம் பட்டு, பத்தமடைப் பாய் வரிசையில் அதுவும் சேர்ந்தது.

ஆனால் புவிசார் குறியீடு பெயரைக் காப்பாற்றும், கூலியை அதுவாக உயர்த்தாது. வேறு ஊரில் செய்ததை நரசாபுரம் லேஸ் என்று விற்கக்கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. நரசாபுரத்துப் பெண்ணுக்கு ஒரு பூவுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. 2023-இல் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது 18 கைத்தொழில்களைப் பட்டியலிட்டது. பூமாலை கட்டுபவர் இருக்கிறார், மீன்வலை பின்னுபவர் இருக்கிறார். நூலில் பூ பின்னுகிறவர் தனித் தொழிலாக இல்லை. பெரிய சதி ஒன்றும் இல்லை. பட்டியல் போடுகிறவர்கள் மனதிலும் அது 'வீட்டில் பெண்கள் செய்வது'தான்.

வங்கியில் நாங்களும் யோக்கியம் இல்லை. கடன் விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற கட்டம் வரும். எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மா வாயைத் திறப்பதற்குள் கூட வந்தவர் "ஹவுஸ் ஒய்ஃப் சார்" என்பார். அதை அப்படியே எழுதிக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். வருமானம் என்ற கட்டத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டோடு அவருடைய கடன் வாங்கும் தகுதியும் போயிற்று.

சென்னையில் ஒரு போர்வை

கடைசியாக ஒரு நல்ல செய்தி. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வை என்ற கின்னஸ் சாதனையைச் செய்தது. 11,148.5 சதுர மீட்டர். ஒன்றரை கால்பந்து மைதானம் அளவு! பல ஊர்களிலும் பல நாடுகளிலும் இருந்த பெண்கள் ஆளுக்குச் சில சதுரமாகப் பின்னி அனுப்பியதை இணைத்துச் செய்தது. பிறகு பிரித்து, தேவைப்படுகிறவர்களுக்குப் போர்வையாகக் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களின் கைகளும் அதில் இருந்தன.

அதைச் செய்தவர்கள் கூலிக்குச் செய்யவில்லை, சந்தோஷத்துக்குச் செய்தார்கள். அதில் தவறே இல்லை. பொழுதுபோக்குக்குப் பின்னுவது பாவம் என்று நான் இவ்வளவு நீளமாக எழுதவில்லை. சந்தோஷத்துக்குச் செய்கிறவர் தானாக மனமுவந்து நேரத்தைக் கொடுக்கிறார். பிழைப்புக்குச் செய்கிறவரிடம் அதே 'சந்தோஷத்துக்குத்தானே செய்கிறாய்' என்று சொல்லி நேரத்தை எடுத்துக்கொள்வதுதான் தப்பு. அயர்லாந்து, நரசாபுரம், இன்றைக்கு ஆன்லைனில் படம் போட்டு ஆர்டர் எடுக்கும் உங்கள் பக்கத்து ஃப்ளாட் அக்கா... எல்லாருக்கும் இது பொருந்தும்.

இரண்டு சின்ன வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

ஒன்று: யாரிடமாவது குரோஷா வேலை வாங்கினால், பேரம் பேசுவதற்கு முன்னால் "இதற்கு எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று கேளுங்கள். பிறகும் பேரம் பேச மனசு வந்தால் பேசுங்கள்.

இரண்டு: உங்கள் வீட்டில் யாராவது பின்னி விற்கிறார்கள் என்றால், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொடுங்கள். தேதி, நூல் செலவு, மணி நேரம், வந்த பணம். நாலே பத்திதான். பணம் அவர் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்குக்கு நேராகப் போகட்டும், வீட்டுக்காரர் கணக்குக்கு வேண்டாம். ஒரு வருஷம் அப்படி ஓடினால் அதுவே வருமானத்துக்குச் சான்று. அதைக் கொண்டு அவர் கடன் கேட்டு வங்கிக்கு வந்தால், எதிரே இருக்கும் அதிகாரி 'தொழில்' என்ற கட்டத்தில் 'குரோஷா லேஸ் தயாரிப்பு' என்று எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்பும் உரிமை உங்களுடையது.